மசாலா பாக்கெட்டின் பின்பக்கமும் ஒன்பதாம் படிவமும்

வீட்டில் இருக்கும் மிளகாய்த்தூள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் சின்னத்துக்குக் கீழே 14 இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது 1-ல் தொடங்கினால் உரிமம் பெற்ற நிறுவனம், 2-ல் தொடங்கினால் பதிவு மட்டும் செய்த சிறு தொழில். அடுத்த இரண்டு இலக்கம் 24 என்றால் தமிழ்நாட்டு உரிமம், 00 என்றால் மத்திய உரிமம், அதற்கடுத்த இரண்டும் உரிமம் கொடுத்த ஆண்டு. இதெல்லாம் யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியது. பாக்கெட்டில் அச்சாகாத ஒன்றும் உண்டு, அந்த எண்ணோடு ஒட்டியிருக்கும் ஓர் ஆளின் பெயர். ஒன்பதாம் படிவம் என்று ஒரு தாள் இருக்கிறது. இந்த ஆலையில் உணவுப் பாதுகாப்புக்கு இன்னார்தான் பொறுப்பு என்று நிறுவனம் துறைக்கு எழுதிக் கொடுப்பது. ஈரோட்டுப் பக்கம் ஒரு மசாலா ஆலையில் நான் வேலை பார்க்கிறேன், அங்கே அந்தத் தாளில் இருப்பது என் பெயர்.

பிஎஃப் படிவம், அடையாள அட்டைக்கான விண்ணப்பம், ஒன்பதாம் படிவம் மூன்றையும் ஒரே கட்டாகக் கொண்டுவந்து டீயோடு மேசையில் வைத்தார் ஹெச்ஆர். "சும்மா ஃபார்மாலிட்டிதாங்க மேடம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் 66-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிறுவனம் குற்றம் செய்தால் யாரைப் பிடிப்பது என்பதைப் பற்றிய பிரிவு அது. நிறுவனத்தோடு சேர்த்து, அப்படி நியமிக்கப்பட்ட ஆளும் குற்றவாளி. தரம் குறைந்த பொருள் என்றால் 5 லட்சம் வரை அபராதம், லேபிள் தவறென்றால் 3 லட்சம் வரை. பாதுகாப்பற்ற உணவைச் சாப்பிட்டு ஓர் உயிர் போனால் ஏழு ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை சிறை, அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது.

தப்பிக்க ஒரு வழியையும் அதே பிரிவு வைத்திருக்கிறது: குற்றம் தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது அதைத் தடுக்கத் தன்னால் ஆன எல்லா முயற்சியும் எடுத்திருந்தேன் என்று நிரூபித்தால் தண்டனை இல்லை. என் வேலை முழுவதும் இந்த இரண்டாவது வாக்கியத்துக்குள் அடக்கம் என்று சொல்லலாம். எப்படி நிரூபிப்பது? பதிவேடு. வேறு எதுவும் கிடையாது.

வெளியே இருப்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருவது ரெய்டு. கெட்டுப்போன கோழியின் மேல் ஃபினாயில் ஊற்றுவது, 2024 பிப்ரவரியில் ரோடமைன்-பி சாயம் இருந்ததால் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது, இப்படி. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "லேப்ல டெஸ்ட் பண்ணிட்டா முடிஞ்சுதே" என்பார்கள். எங்கள் முதலாளியும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தார். டெஸ்ட் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு மிளகாயையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு லாரியில் 10 டன் வற்றல் வருகிறது. லேபுக்குப் போவது ஒரு கிலோ, அதை அரைத்து இயந்திரத்துக்குள் போவது சில கிராம். அறுவடை முடிந்து களத்தில் காயும்போது மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சை வரும், பூஞ்சை விடும் நஞ்சு அஃப்லாடாக்சின், ஈரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மசாலாப் பொருள்களில் அது கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது நம் விதி, மிளகாய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பது 10. இந்த நஞ்சு லோடு முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஒரு மூட்டையில் கெட்டுப்போன நாலைந்து காய்களில் மொத்தமும் குவிந்திருக்கும், நாம் எடுத்த ஒரு கிலோவில் அந்தக் காய்கள் வராமல் போனால் ரிப்போர்ட் சுத்தமாக வரும். ரிப்போர்ட் பொய்யில்லை, அந்த ஒரு கிலோவைப் பொறுத்தவரை உண்மை, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலை முதலில் தலையில் கட்டிக்கொண்டவர்கள் அமெரிக்காவில் விண்வெளி வீரர்களுக்குச் சாப்பாடு செய்தவர்கள். 1960-களில் பில்ஸ்பரி நிறுவனம் நாசாவுக்காக உணவு தயாரித்தபோது, பாதுகாப்பானது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சோதிக்கப் போனால் செய்ததில் பெரும்பகுதி சோதனைக்கே தீர்ந்துபோனது. அதனால், தயாரிக்கும் வழியில் எங்கெங்கே ஆபத்து நுழையும் என்று முன்கூட்டியே பார்த்து அந்த இடங்களில் காவல் போடும் முறையை உருவாக்கினார்கள். இன்று ஹாசாப் என்று ஆலைக்கு ஆலை சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அதுதான்.

எங்கள் ஆலையில் அஃப்லாடாக்சினுக்கான காவல் கேட்டிலேயே நிற்கிறது, கையளவு ஈரப்பதமானி ஒன்று. ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டினால் லாரி திரும்ப வேண்டும். எழுதுவதற்கு எளிது. விலை ஏறிக்கொண்டிருக்கும் வாரத்தில், வாடகை ஓடிக்கொண்டிருக்கும் லாரியின் பக்கத்தில் நின்றுகொண்டு 12.4 என்று படித்துச் சொல்வது வேறு. "ரெண்டு நாள் களத்துல போட்டா சரியாயிடுங்க மேடம்" என்பார் கொள்முதல் மேலாளர். ஈரம் சரியாகும். வழியிலேயே பூஞ்சை பிடித்திருந்தால் அது விட்ட நஞ்சு எங்கும் போகாது. காயப்போட்டாலும் போகாது, வறுத்து அரைத்தாலும் நம்பிச் சாப்பிடும் அளவுக்குக் குறையாது.

அடுத்த காவல் மெட்டல் டிடெக்டர். பாக்கெட் போட்டு முடித்ததும் பெல்ட்டில் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்று சோதனைத் துண்டுகள் உண்டு. இரும்பு 1.5 மி.மீ., செம்பு, பித்தளை போன்றவற்றுக்கு 2, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 2.5. மணிக்கு ஒருமுறை மூன்றையும் பாக்கெட்டோடு அனுப்பிப் பார்த்து, தள்ளிவிடுகிறதா என்று குறித்துவைக்க வேண்டும். ஏன் மணிக்கு ஒருமுறை என்று பயிற்சியில் யாரும் விளக்குவதில்லை. நான்கு மணிக்குச் சோதிக்கும்போது டிடெக்டர் தவறினால், மூன்று மணிக்குப் பிறகு போன எல்லாப் பெட்டியும் சந்தேகத்துக்குரியது, அத்தனையையும் மறுபடி ஓட்ட வேண்டும். அதாவது அந்தக் கட்டத்தில் விழும் ஒவ்வொரு டிக்கும் ஒரு மணி நேரச் சரக்குக்குக் கொடுக்கும் ஜாமீன்.

ஒருநாள் காலையில் இரவு ஷிஃப்ட் பதிவேட்டைப் புரட்டினேன். 2.00, 3.00, 4.00, 5.00, எல்லாம் 'ஓகே'. ஒரே பேனா, ஒரே சாய்வு, மை கூட ஒரே அழுத்தம். உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்தது, ஆனால் தெரிவது வேறு, காட்டுவது வேறு. எலக்ட்ரீஷியனின் ஜெனரேட்டர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். 2.50 முதல் 3.35 வரை கரன்ட் இல்லை, பேக்கிங் லைன் ஜெனரேட்டரில் கிடையாது. மூன்று மணிக்கு நின்றுபோன இயந்திரத்தில் ஸ்டீல் துண்டை அனுப்பி ஓகே போட்டிருக்கிறார்கள்.

நான்கு மணி நேரச் சரக்கையும் பிடித்துவைத்தேன். உற்பத்தி மேலாளர் மேலே வந்தார். "லாரி நிக்குதுங்க, இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட் வந்திருக்குதுங்களா?" வந்ததில்லைதான். மறுபடி ஓட்டினோம், ஒன்றும் அகப்படவும் இல்லை. அவர் அதை ஒரு மாதம் சொல்லிக்காட்டினார். எழுதிய பையன் ஒடிசாக்காரன், இருபது வயதிருக்கும். அன்றைக்கு ஆள் வராததால் இரண்டு லைனைத் தனியாக ஓட்டியிருக்கிறான், சோதனைக்கு லைனை நிறுத்தினால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் திட்டு. சுவரில் ஒட்டியிருந்த வழிமுறை ஆங்கிலத்தில் இருந்தது. அவனுக்கு மெமோ கொடுக்கச் சொன்னார்கள், நான் கொடுக்கவில்லை. வழிமுறையை ஒடியாவில் எழுதி ஒட்டவைத்தேன், ஒரு லைனுக்கு ஓர் ஆள் இல்லாவிட்டால் அந்த லைன் ஓடாது என்று எழுதி கையெழுத்து வாங்கினேன், அதற்குத்தான் மூன்று மாதம் பிடித்தது. பொய்ப் பதிவேடு எழுதும் இடத்தில் எப்போதும் ஆள் பற்றாக்குறையைத் தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

சரி, அதிகாரி வந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம், பல சிறு உற்பத்தியாளர்களுக்கு இது முழுசாகத் தெரிவதில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுக்கும்போது அதற்குரிய விலையைக் கொடுத்துத்தான் எடுப்பார். சாட்சி முன்னிலையில் அதை நான்கு பங்காக்கிச் சீல் வைப்பார். ஒன்று அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்பு மேலதிகாரியான நியமன அலுவலரிடம் இருப்புக்கு. நான்காவது பங்கை அங்கீகாரம் பெற்ற வேறொரு லேபுக்கு அனுப்புங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு, செலவு நம்முடையது. அப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். பதற்றத்தில் நிற்பவர்கள் டீ வாங்கிவரச் சொல்வார்கள், ஜூஸ் வாங்கிவரச் சொல்வார்கள், இதைக் கேட்க மாட்டார்கள். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும், பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம், அவர் ஏற்றால் இருப்பிலுள்ள பங்கு மறுசோதனை செய்யும் ரெஃபரல் லேபுக்குப் போகும். அபராத வழக்கு என்றால் நம் மாவட்டங்களில் டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) முன்னால் விசாரணை. எந்தத் தேதியில் எந்தக் கடிதம் வந்தது என்ற கோப்பு இல்லாமல் அங்கே போய் நின்றால், சரக்கு நல்லதாகவே இருந்தாலும் பேச வாய் இருக்காது.

லேப் ரிப்போர்ட் என்பது இறுதித் தீர்ப்பில்லை என்பதற்கு நாடறிந்த வழக்கே இருக்கிறது. 2014-ல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த மேகி மாதிரியில் 'எம்எஸ்ஜி சேர்க்கவில்லை' (எம்எஸ்ஜி என்பது சுவை கூட்டும் உப்பு) என்ற லேபிள் வாசகத்தில் தொடங்கிய விவகாரம், கொல்கத்தா லேபில் ஈயம் 17.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 17.2 பங்கு) என்று வந்ததும் வெடித்தது. அனுமதி 2.5 பிபிஎம். 2015 ஜூன் 5-ல் எஃப்எஸ்எஸ்ஏஐ தடை போட்டது. ஆகஸ்ட் 13-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சோதித்த லேப்களுக்குச் சட்டப்படியான அங்கீகாரம் இல்லை, நிறுவனத்துக்கு விளக்கம் சொல்ல முறையாக வாய்ப்புத் தரவில்லை என்பவை காரணங்கள். நீதிமன்றம் சொன்ன மூன்று லேப்களில் மறுபடி சோதித்து, ஈயம் அளவுக்குள் இருந்ததால் நவம்பரில் மேகி கடைக்கு வந்தது. அதற்குள் பல்லாயிரம் டன் நூடுல்ஸைத் திரும்பப் பெற்று அழித்தாகிவிட்டது. அதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் சண்டை போடலாம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கவனித்தது இன்னொன்றை: ஈயத்தில் தொடங்கவில்லை கதை, முன்பக்கத்தில் யாரோ விற்பனைக்காக எழுதிவைத்த ஒரு வரியில் தொடங்கியது.

லேபிளுக்கு வருகிறேன், என் நேரத்தில் பாதியைத் தின்பது இதுதான். ஒரே பாக்கெட்டில் இரண்டு துறையின் சட்டம் ஓடுகிறது. உட்பொருள், ஊட்டச்சத்து அட்டவணை, பச்சைப் புள்ளி, ஒவ்வாமை எச்சரிக்கை எல்லாம் உணவுப் பாதுகாப்புத் துறை. எடை, விலை, அவை எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எடையளவுச் சட்டம், தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. இதில் மொழிச் சண்டையும் சேரும். 2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டில் 'தஹி' என்று போட்டு அடைப்புக்குறிக்குள் தயிர் என்று போடச் சொன்னதும், இங்கே எழுந்த எதிர்ப்பில் அந்த மாதமே எஃப்எஸ்எஸ்ஏஐ பின்வாங்கியதும் நினைவிருக்கும்.

சாம்பார் பொடியில் ஒவ்வாமை எச்சரிக்கை வருமா? வரும், வருவது பெருங்காயத்தால். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசின் கொஞ்சம்தான், மிச்சம் கோந்தும் மாவும். மாவு மைதாவாக இருந்தால் பாக்கெட்டில் 'கோதுமை உள்ளது' என்று இருக்க வேண்டும். எங்களுக்கு வந்துகொண்டிருந்தது அரிசி மாவு கலந்தது, அதனால் அந்த வரி இல்லை. ஒருமுறை கிலோவுக்குச் சில ரூபாய் குறைவு என்று கொள்முதல் பிரிவு சப்ளையரை மாற்றிவிட்டது, என்னிடம் சொல்லவில்லை. சரக்கு இறக்கும்போது பையின் மேலிருந்த உட்பொருள் பட்டியலை லேபில் வேலை பார்க்கும் பெண் படித்ததால் தெரிந்தது. "நூறு கிராம் பொடியில அந்த மைதா எவ்வளவும்மா இருக்கும்?" என்றார் முதலாளி. துளிதான். ஆனால் கோதுமை போன்ற பசையம் உள்ள தானியத்துக்கு இவ்வளவுக்குக் கீழே இருந்தால் சொல்ல வேண்டாம் என்று நம் விதியில் விலக்கில்லை (சல்பைட் என்ற பதப்படுத்தும் பொருளுக்கு மட்டும் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று ஒரு கோடு உண்டு). கையில் ஆறு மாதத்துக்கான லேமினேட் ரோல், பாக்கெட் செய்யும் தாள், அச்சாகிக் கிடந்தது. ஒரு வரி சேர்க்க வேண்டுமென்றால் கறுப்பு மைக்கான அச்சு சிலிண்டரைப் புதிதாக வெட்ட வேண்டும், ரோல்களைத் தூக்கிப்போட வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முதலாளி பெருங்காயத்தைத் திருப்பி அனுப்பினார். அன்று என்னைக் காப்பாற்றியது சட்டமா, ரோலின் விலையா என்று கேட்டால் ரோலின் விலை என்றுதான் சொல்வேன். லேபிள் திருத்தங்கள் இனி ஆண்டுதோறும் ஜூலை 1-ல் மட்டும் அமலுக்கு வரும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ வைத்ததும் இந்த ரோல்களை நினைத்துத்தான், நல்ல முடிவு.

அதே சாம்பார் பொடி லண்டன் தமிழ்க் கடைக்குப் போனால் கடுகும் ஒவ்வாமைப் பொருள், கனடாவிலும் அப்படியே. இங்கே கடுகு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஏற்றுமதியில் இந்த முரண்பாடு உயிரெடுக்கும். 2024 ஏப்ரலில் எம்டிஎச்சின் மூன்று மசாலாக்களிலும் எவரெஸ்டின் மீன் குழம்பு மசாலாவிலும் எத்திலீன் ஆக்சைடு இருந்ததாக ஹாங்காங் அறிவித்தது, சிங்கப்பூரும் அந்த மீன் மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. நிறுவனங்கள் தங்கள் பொருள் பாதுகாப்பானது என்றே கூறின. "மசாலாவில் பூச்சிமருந்து" என்று இங்கே செய்தி ஓடியது. உண்மையில் அந்த வாயு மசாலாத் தொழிலில் பயன்படுவது கிருமிக்காக. தரையில் காயும் பொருளில் சால்மோனெல்லா இருக்க வாய்ப்பு உண்டு, வாயுவைச் செலுத்தினால் நிறமும் மணமும் கெடாமல் கிருமி சாகும். ஆனால் அதுவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அமெரிக்கா மசாலாவில் 7 பிபிஎம் வரை விடுகிறது, ஐரோப்பாவில் கணக்கு 0.1. ஒரே மூட்டை ஒரு துறைமுகத்தில் நல்ல சரக்கு, இன்னொன்றில் அழிக்க வேண்டிய குப்பை. நீராவியில் சுத்தம் செய்யலாம், நாங்கள் அதைத்தான் செய்கிறோம், நிறம் ஒரு சாயல் மங்குகிறது, "உங்க மிளகாய்த்தூள் ஏன் முந்தி மாதிரி செவப்பா இல்ல" என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள்.

இவ்வளவு சொன்னபின் ஒரு குறை. ஒன்பதாம் படிவத்தில் பெயர் இருக்கும் ஆளுக்கு லைனை நிறுத்தும் அதிகாரம் இருந்தே ஆகவேண்டும் என்பதை ஆலைகள் காகிதத்தில்தான் வைத்திருக்கின்றன. பல இடங்களில் தரப்பிரிவு உற்பத்தி மேலாளருக்குக் கீழே இருக்கிறது, டன் கணக்கில் போனஸ் வாங்குபவர்தான் தரப்பிரிவின் சம்பள உயர்வையும் எழுதுகிறார். எந்த ஆடிட்டரும் அமைப்பு வரைபடத்தைக் கேட்பார், அதில் கோடுகள் அழகாக இருக்கும். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், எந்தச் சரக்கையும் யாரையும் கேட்காமல் பிடித்துவைக்கலாம் என்று ஒரு கடிதம் முதலாளி கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டாவது வருடம்தான் வாங்கினேன், மெட்டல் டிடெக்டர் விஷயத்துக்குப் பிறகு.

அந்தக் கடிதம் வந்தபின் முதல்முறையாக ஒழுங்கான ஒத்திகை ரீகால் நடத்தினோம். ஏதோ ஒரு பேட்சைத் திரும்பப் பெற வேண்டும் என்று வைத்துக்கொண்டு, எந்த மூட்டையில் இருந்து வந்தது, எந்தெந்தக் கடைக்குப் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும், கணக்கு நூறு சதவீதம் இடிக்காமல் வர வேண்டும். தற்செயலாக நான் எடுத்தது ஐப்பசியில் செய்த சாம்பார் பொடி, 412 பெட்டி. இரண்டு மணி நேரத்தில் 409-க்குக் கணக்கு வந்துவிட்டது. மூன்று பெட்டியைக் காணோம். டெஸ்பாட்ச், கோடவுன், சேதாரப் பதிவேடு, திரும்பிவந்த சரக்கு, எதிலும் இல்லை. மாலை ஆறு மணிவரை தேடினோம். கடைசியில் வாட்ச்மேன் தாத்தாதான் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார், "தீவாளிக்கு மொதலாளியம்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்களே கண்ணு, அதுங்களா?"

இப்போது கேட்டில் அதற்கும் ஒரு பதிவேடு இருக்கிறது. முதல் பக்கத்தில் முதல் வரியில் முதலாளியம்மாவின் கையெழுத்து, தேதி, பேட்ச் எண், மூன்று பெட்டி.